எடை மேடையில் விழும் குதிரைகள்

நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் ரோட்டில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் வரிசையாக வந்து முடிகிற இடத்தில் வையாபுரி எடை மேடை இருக்கிறது. அதன் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து லாரிகளுக்கு எடைச்சீட்டு கிழித்துக் கொடுக்கும் சாரதாமணி கைபேசியில் செஸ் ஆடும்போது, அவர் வெட்டுகிற காய் ஒவ்வொன்றும் எதிரே இரும்பு மேடையில் டொக்கென்று வந்து விழும், விழுந்ததை யாருக்குத் தேவையோ அவர்கள் எடுத்துக்கொண்டு போவார்கள், ஒன்பது வருஷமாக இப்படித்தான் நடந்து வருகிறது.

அவர் செஸ் கற்றுக்கொண்டது ஒரு லாரி ஸ்டிரைக்கின்போது. எட்டு நாள் ஒரு வண்டியும் மேடை ஏறவில்லை, வராத வண்டிக்குச் சீட்டு கிழிக்க முடியாது, கூண்டைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகவும் முதலாளி வையாபுரி விடவில்லை, ஆகவே மகனுடைய பழைய கைபேசியில் கிடந்த செஸ்ஸைத் திறந்து முதல் நாள் பதினாறு ஆட்டம் தோற்றார், எட்டாம் நாள் ஒன்றில் ஜெயித்தார், ஒன்பதாம் நாள் ஸ்டிரைக் முடிந்து முதல் வண்டி மேடையில் ஏறி நின்றபோது எந்த நாட்டிலோ இருந்த யாரோ ஒருவருடைய கறுப்புச் சிப்பாயை வெட்டினார். வண்டியிலிருந்து நட்டு கழன்று விழுந்துவிட்டது என்று டிரைவர் காளியண்ணன் அடியில் படுத்துத் தேடி, கைக்கு அடக்கமான ஒரு மரச் சிப்பாயோடு வெளியே வந்து, "அக்கா, இது நம்ம வண்டியோடது இல்லீங்கக்கா" என்று சொல்லி அதை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார்.

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், ஊருக்கு வேலை இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். எதிர்ச்சாரி மெஸ்ஸில் கோணலாக ஓடும் மந்திரியின் தலையைப் பிடித்துக்கொண்டு அடிப்பாகத்தால் பருப்பு மசித்தார்கள், அடி தட்டையான யானையைக் காற்றுக்கு அறையும் கதவுகளுக்கு முட்டுக் கொடுத்தார்கள், ஆடுகிற கட்டில், ஆடுகிற மேசை, ஆடுகிற தையல் மெஷின் எல்லாவற்றின் காலுக்கடியிலும் சிப்பாய்கள் போய்ச் சேர்ந்தன, அபூர்வமாக ராணி விழுந்தால் அந்த மாதத்தில் முதலில் நடக்கிற கல்யாணத்துக்கு மொய்யோடு போனது. காய் விழுவதால் லாரியின் எடை கூடுமே என்று ஒருவர் புகார் எழுதிப்போட்டார். அதை விசாரிக்க வந்த ஆய்வாளர் நாள் முழுக்க வெயிலில் நின்று பார்த்துவிட்டு, மேடை பத்துக் கிலோவுக்குக் கீழே எதையும் கண்டுகொள்ளாது, எனவே பாதிப்பில்லை என்று எழுதி முத்திரை குத்தினார். காய் எங்கிருந்து வருகிறது என்று எழுத அந்தத் தாளில் இடம் விட்டிருக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

குதிரைகளின் கதை மட்டும் வேறு. முதலில் விழுந்த குதிரையைக் காளியண்ணன் தன் வண்டியின் டேஷ்போர்டில் எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தார், அந்தப் பயணத்தில் மலையிறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போய், மண்மேட்டில் சாத்தி நிறுத்திவிட்டு ஒரு கீறலும் இல்லாமல் ஊர் திரும்பினார், திரும்பியவர் நாலு பேரிடம் சொன்னார், நாலு பேர் நாற்பது பேரிடம் சொன்னார்கள். அதற்கப்புறம் பட்டறைக்காரர்கள் டேஷ்போர்டிலேயே குதிரை உட்காருவதற்கு வட்டமாக ஒரு பள்ளம் வைத்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். புது லாரி காலி எடை போட முதன்முதலாக மேடை ஏறுகிற அன்று டிரைவர் இறங்கி வந்து, "ஒரு குதிரை வேணுங்கக்கா" என்று ஒரே ஒருமுறை கேட்க வேண்டும், இரண்டாம் முறை கேட்கக் கூடாது, வடக்கே போகிறவனுக்கு வெள்ளை, மலையேறுகிறவனுக்குக் கறுப்பு என்றெல்லாம் முறைகள் உண்டாகிவிட்டன, அவற்றை உண்டாக்கியது யார் என்பது யாருக்கும் தெரியாது.

இது எதுவும் தெரியாமல்தான் ஜெசிந்தா திருச்சியிலிருந்து பஸ் ஏறி வந்தார். அவருக்கு வயது இருபத்தொன்பது, ஆட்டக்காரர்களின் ஆட்டங்களைப் படித்து மதிப்பீடு எழுதுவது அவர் தொழில். மாநிலங்களுக்கிடையே இணையத்தில் நடக்கும் பெண்கள் போட்டிக்குத் தமிழ்நாட்டு அணியில் நாலாவது இடம் காலியாக இருந்தது, அதற்கு இணையத்தில் பெயர் வாங்கிய சாரதாமணியை எடுக்கலாமா என்று தேர்வுக் குழு கேட்டிருந்தது, குழு கொடுத்த படிவத்தில் பலங்கள் என்று ஒரு கட்டமும் மேம்படுத்த வேண்டியவை என்று ஒரு கட்டமும் இருந்தன. பலங்கள் கட்டத்தை எழுதி அவருக்குக் கை வலித்தது. தோற்கிற நிலையிலும் அலட்டிக்கொள்ளாத நிதானம், நேரம் பத்து விநாடிக்கு வந்த பிறகும் பிசகாத கணக்கு, காய்கள் குறைந்துபோன கடைசிக் கட்டத்தில் ஒரு சிப்பாயை ஊர்வலம் மாதிரி நடத்திக்கொண்டு போகும் அழகு, எல்லாவற்றுக்கும் மேலாகக் குதிரையாட்டம், அப்படி ஒரு குதிரையாட்டத்தை அவர் பார்த்ததே இல்லை, சில ஆட்டங்களைப் பார்த்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருக்கிறார். ஆனால் இப்படி ஆடுகிறவர் ஆட்டம் தொடங்கி ஐந்தாறு நகர்த்தலுக்குள், காரணமே இல்லாமல் ஒரு மந்திரியைக் கொடுத்து எதிராளியின் குதிரையை வாங்கிவிடுகிறார். இரண்டு மந்திரிகளும் கையில் இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்று செஸ் வகுப்பில் இரண்டாம் மாதமே சொல்லிக் கொடுப்பார்கள். கம்ப்யூட்டர் அந்த நகர்த்தல்களுக்கெல்லாம் சிவப்பில் கேள்விக்குறி போட்டுக்கொண்டே போனது.

ஜெசிந்தா கூண்டுக்குள் நுழைந்தபோது மேடையில் ஒரு புது லாரி நின்றது, சாரதாமணி கைபேசியில் விரலை வைத்தார், டொக்கென்று ஒரு வெள்ளைக் குதிரை விழுந்தது, டிரைவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறிப் போனார். ஜெசிந்தா இரண்டு மாதமாக ஒரே ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டு வந்திருந்ததால் ஆச்சரியப்படுவதற்கு அவருக்குள் இடம் இருக்கவில்லை.

"நானூத்திப் பன்னெண்டு ஆட்டம் பாத்துட்டேன் மேடம். அதுல முந்நூத்தித் தொண்ணூறுல மந்திரியக் குடுத்துக் குதிரைய எடுத்திருக்கீங்க. ஏன்?"

"அந்தத் தம்பி நாளைக்கு இந்தூர் போறானுங்க" என்றார் சாரதாமணி.

இதைப் புரிந்துகொள்ள ஜெசிந்தாவுக்கு ஒரு டீ குடிக்கும் நேரம் ஆனது. பிறகு அன்று மாலை முழுவதும் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு சிவப்புக் கேள்விக்குறிக்கும் எதிரே ஒரு வண்டி எண்ணை எழுதினார்கள், நாக்பூர் போன வண்டி, கௌஹாத்தி போன வண்டி, மூணாறு ஏறிய வண்டி, ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. கையெட்டும் தூரத்தில் வெற்றியை வைத்துக்கொண்டு பலகையின் மறுமூலைக்குப் போய் ஒரு யானையை வெட்டிய ஆட்டம் பள்ளிக்கூடத்துக் கதவுக்காக. இந்த ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாத தப்பு அது.

"குதிரை இருந்தா வண்டிக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நம்புறீங்களாக்கா?" மேடம் அதற்குள் அக்கா ஆகியிருந்தார்.

"அது எனக்கெப்படிங் கண்ணு தெரியும். இருந்தா அவன் பயமில்லாம ஓட்டறான். பயந்துட்டு ஓட்டறவன் என்னாவான்னு எனக்குத் தெரியும்." அவருடைய வீட்டுக்காரர் பதினான்கு வருஷத்துக்கு முன்னால் நாக்பூர் ரோட்டில் வண்டியோடு போய்விட்டவர், அதைப் பற்றி அவர் அதற்கு மேல் பேசமாட்டார்.

"அப்ப இந்த அணி, போட்டி எல்லாம் உங்களுக்கு வேண்டாமா?"

சாரதாமணி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேணுங் கண்ணு. ரொம்ப வேணும். முப்பத்தோரு வருஷமா அடுத்தவன் சரக்கு எத்தனை டன்னுன்னு சொல்லிட்டே இருக்கறேன். நான் எத்தனைன்னு ஒருத்தர் சொல்லி நான் கேக்கோணும்."

அதைக் கேட்டதும் ஜெசிந்தாவுக்கு இந்த அம்மாளை எப்படியாவது அணியில் சேர்த்துவிட வேண்டும் என்று வெறியே வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குத் தேர்வாட்டம், சென்னையில் ஆறு வருஷமாக அணிக்கு ஆடுகிற ஒருவர் எதிராளி, கேமரா ஓடிக்கொண்டிருக்கும், ஆடுகிறவரிடம் யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது, மதிப்பீட்டாளர் பின்னால் உட்கார்ந்திருக்கலாம். அதுவரை ஒரு ஆட்டமும் வேண்டாம், பழைய ஆட்டங்களை மட்டும் பார்ப்போம், வெள்ளிக்கிழமை மந்திரிகளைக் கொடுக்காமல் ஆடுங்கள், நீங்கள் ஜெயிப்பீர்கள் என்று சொன்னார், சாரதாமணியும் பாடம் கேட்கிற பிள்ளை மாதிரி தலையை ஆட்டினார்.

அந்த வாரம் ஒரு காயும் விழவில்லை. திங்கள் முதல் வியாழன் வரை ஏழு புது லாரிகள் காலி எடை போட்டன, ஏழு டிரைவர்களும் முறைப்படி ஒருமுறை கேட்டுவிட்டு, வெறும் பள்ளத்தோடு வண்டிகளைச் சாலையோரம் நிறுத்திக் காத்திருந்தார்கள். எட்டாவதாக வந்தது சாரதாமணியின் மகன் மௌலி, கடன் வாங்கி எடுத்த சொந்த வண்டி, அதுவரை சின்ன வேன் ஓட்டிக்கொண்டிருந்தவனுக்குக் கல்கத்தாவுக்கு ஜவ்வரிசி லோடு, வெள்ளிக்கிழமை மதியம் ஏற்றினால் அன்றைக்கே கிளம்பியாக வேண்டும். அவன் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. லாரி டிரைவர்கள் சங்கத்துச் செயலாளர் பொன்னம்பலம் மட்டும் புதன்கிழமை கூண்டுக்கு வந்து, வெள்ளிக்கிழமை மூன்று மணியிலிருந்து ஒரு வண்டியும் இங்கே மேடை ஏறாது, யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், அக்கா நிம்மதியாக ஆடட்டும் என்று சங்கத்தில் பேசி முடித்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை சொன்னபடியே மேடைக்குக் குறுக்கே கயிறு கட்டினார்கள். ரோட்டின் அந்தப் பக்கம் ஐம்பது அறுபது டிரைவர்கள் கூட்டமாக நின்றார்கள், ஹாரன் அடித்த பஸ்ஸைக்கூட ஒருவர் ஓடிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டு அடக்கினார். ஆட்டம் முடிகிறவரை இங்கேயே நிற்கிறேன், முடிந்ததும் சொல்லிக்கொண்டு கிளம்புகிறேன் என்று மௌலி அம்மாவிடம் சொல்லியிருந்தான். மூன்றரை மணிக்கு அவன் கூண்டின் பின்பக்கம் வந்து ஜெசிந்தாவைக் கூப்பிட்டான்.

"நான் கெளம்பறேனுங்க. வண்டிய ஜவ்வரிசி மில்லுகிட்டயே நிறுத்தியிருக்கறேன், சத்தம் கேக்காது. நான் இங்க நின்னா எங்கம்மா குதிரையத்தான் பாக்கும், ஆட்டத்தப் பாக்காது. ஆட்டம் முடியற வரைக்கும் சொல்லிராதீங்க."

அவன் முகத்தைப் பார்த்த ஜெசிந்தாவுக்கு அவன் பயந்திருக்கிறான் என்பது நன்றாகத் தெரிந்தது, தெரிந்தும் சரி என்றார். அணியின் நாலாவது இடம் சாரதாமணிக்குக் கிடைக்க வேண்டும் என்பதுதான் அப்போது அவருக்கும் பெரிதாக இருந்தது.

நாலு மணிக்கு ஆட்டம் தொடங்கியது, சாரதாமணிக்குக் கறுப்புக் காய்கள். நாலாவது நகர்த்தலில் அவருடைய மந்திரி வழக்கம்போல் ஓடிப்போய் ஒரு வெள்ளைக் குதிரைக்கு எதிரே நின்றது, ரோட்டுக்கு அப்பால் கைபேசிகளில் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அறுபது பேரும் மூச்சைப் பிடித்தார்கள், சாரதாமணி விரலைத் தூக்கினார், பிறகு மந்திரியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பின்னால் இருந்த ஜெசிந்தாவுக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. அந்தச் சந்தோஷம் பத்து நகர்த்தல்தான் தாங்கியது. இரண்டு மந்திரிகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை, ஒன்பது வருஷத்தில் அவை அவரிடம் தங்கியதே இல்லை, புதுச் செருப்புக் கடிக்கிறவர் நடக்கிற மாதிரி ஒவ்வொரு நகர்த்தலும் தயங்கித் தயங்கி வந்தது, மந்திரிகள் அவருடைய சொந்தச் சிப்பாய்களிலேயே இடித்துக்கொண்டு நின்றன, சென்னைக்காரர் அவசரப்படாமல் ஒவ்வொரு வழியாக அடைத்துக்கொண்டு வந்தார். இடையில் ஒரு சிப்பாய் மேடையில் விழுந்தது, யாரும் அதைப் பார்க்கவில்லை. ஒரு ஆட்டக்காரரின் கால்களைக் கட்டி ஓடவிட்டது தான்தான் என்பது ஜெசிந்தாவுக்குப் புரிந்தது, வாயைத் திறக்க விதி இடம் கொடுக்கவில்லை.

இருபத்திரண்டாவது நகர்த்தலில் சாரதாமணி முதல்முறையாகக் கண்ணை எடுத்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கூட்டமாக நின்றதால் அத்தனை தூரத்தில் யார் யார் என்று பிரித்துப் பார்க்க முடியாது. ஒரு விநாடிதான் பார்த்தார். பிறகு மந்திரியைக் கொடுத்து வெள்ளைக் குதிரையை எடுத்தார், அதோடு ஒரு சிப்பாயும் வீணாகப் போகும், யார் பார்த்தாலும் அது தப்பான நகர்த்தல். காலி மேடையில் குதிரை விழுந்த சத்தம் பட்டறை வரைக்கும் கேட்டது.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்ல ஜெசிந்தா பலமுறை முயன்றிருக்கிறார், செஸ் தெரிந்தவர்களிடம்கூட அவரால் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. தோள் இறங்கி, மூச்சு சீராகி, சாரதாமணி தன் வீட்டு வாசல்படி ஏறுகிறவர் போல ஆனார். எதிராளியின் இரண்டு மந்திரிகளும் மூலைக்கு மூலை பாய்ந்துகொண்டிருக்க, இவருடைய இரண்டு குதிரைகள் அவை தொட முடியாத கட்டங்களாகப் பார்த்துப் பார்த்து முன்னேறின, ஒன்று நின்று காவல் காக்க மற்றது தாண்டியது, மற்றது நிற்க இது தாண்டியது, ஒன்பது வருஷமாக மந்திரியைக் கொடுத்துக் கொடுத்து மிச்சமிருந்ததை வைத்தே பிழைக்கப் பழகிய கை அது, அந்தக் குதிரையாட்டம் எங்கிருந்து வந்தது என்று ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் தெரிந்தது, தெரிந்ததும் அழுகை வந்தது, கேமராவில் தெரியாதபடி குனிந்து துடைத்துக்கொண்டார். ஐம்பத்தோராவது நகர்த்தலில் ஒரு குதிரை ராஜாவையும் ராணியையும் ஒரே தாவலில் மிரட்டி நின்றது. சென்னைக்காரர் இரண்டு நிமிஷம் பார்த்திருந்துவிட்டுத் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

சாரதாமணி நேராக மேடைக்குப் போய்க் குதிரையை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே, "மௌலி எங்க?" என்றார். ஜெசிந்தாதான் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னார். சாரதாமணி திட்டவில்லை, குதிரையைப் பிடித்தபடி மேடையின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

குதிரைக்காக வரிசையில் முதலில் காத்திருந்த டிரைவர் கிட்டுசாமி வந்து கையை நீட்டினார். "குடுங்கக்கா. நான் கிருஷ்ணகிரி வரைக்கும் போறேன். அங்க டோல்கேட்டுல நம்மூரு முட்டை வண்டி நிக்கும், அவங்கிட்டக் குடுத்துவுட்டா மௌலி கைக்குப் போயிரும்." அவருடைய சொந்த டேஷ்போர்டில் பள்ளம் காலியாக இருந்தது, அந்தப் பள்ளத்திலேயே அடுத்தவனுடைய குதிரையை வைத்துக்கொண்டு அவர் கிளம்பினார். கிருஷ்ணகிரியில் ஒரு முட்டை வண்டி வாங்கிக்கொண்டது, வாணியம்பாடியில் ஒரு காய்கறி வண்டி, அதற்கு மேல் தமிழ் தெரியாதவர்கள் கையில் அது போனது. ஒரு மரக்குதிரையை எதற்காக இப்படித் துரத்திக் கொண்டுபோகிறோம் என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை, கல்கத்தா போகும் நாமக்கல் வண்டி, புதுப் பையன், முதல் ட்ரிப் என்று சொன்னதே போதுமானதாக இருந்தது.

அன்று சாயங்காலமே ஜெசிந்தா படிவத்தை முடித்து அனுப்பினார். பலங்கள் கட்டத்தில், ஏற்கெனவே எழுதியிருந்ததோடு ஒரு வரி சேர்த்தார்: "தன்னிடம் இருக்கிற நல்லதை முதலில் கொடுத்துவிட்டு, மிச்சத்தை வைத்து ஜெயிக்கத் தெரிந்தவர், இப்படி ஒருவரை நான் இதற்கு முன் மதிப்பிட்டதில்லை." மேம்படுத்த வேண்டியவை கட்டத்தில், "இவருக்கு நான் சொன்ன யோசனை" என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். குழு அதைப் படித்துவிட்டு நாலாவது இடத்தைச் சாரதாமணிக்கே கொடுத்தது என்பதை இங்கேயே சொல்லிவிடலாம், கதை அதோடு முடியவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, சொல்லிக்கொண்டு போக ஜெசிந்தா கூண்டுக்கு வந்திருந்தபோது மௌலியிடமிருந்து போன் வந்தது. சாரதாமணி ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, குதிரை வந்துருச்சு. நெல்லூர் தாண்டி டீக்கடைல நின்னேன், பஞ்சாப்காரர் ஒருத்தர் வண்டி நம்பரப் பாத்துட்டு வந்து கையில குடுத்துட்டுப் போறாரு."

"பயந்தியா சாமி?"

"சேலம் தாண்டியும் பயமாத்தான் இருந்துச்சும்மா. நீ ஜெயிச்சுட்டீன்னு செயலாளர் போன் போட்டுச் சொன்னாரு, அப்பறந்தான் பயம் போச்சு. நான் சொல்லாம வந்தது நல்லதாப் போச்சுல்ல? நான் அங்க நின்னிருந்தா நீ எனக்காகக் குதிரைய எடுத்துத் தோத்திருப்ப."

ஜெசிந்தா வாய் திறக்கப் போனார். சாரதாமணி கையைக் காட்டி நிறுத்தினார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் தானாக இறங்கிக்கொண்டிருந்தது, குரலில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

"எடுத்ததுதான சாமி இப்ப உன் கையில இருக்குது. நீ வெளிய நிக்கறயின்னு நெனச்சுத்தான் எடுத்தேன், அதுக்கப்பறந்தான் எனக்கு ஆட்டமே வந்துச்சு. நீ போயிட்டயின்னு தெரிஞ்சிருந்தா தோத்துருப்பேன்."